மருந்து ஏறும் அந்த ஒரு மணி நேரம்

கொழுந்து பறிக்கும் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வேலையில் கண்ணுக்குப் பாதிப் பங்குதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெண்கள் நிரை பிடித்துப் பறிக்கும்போது வாய் பேசிக்கொண்டிருக்கும். பார்வை அடுத்த செடிக்குப் போயிருக்கும். இரண்டு கைகளும் தனித்தனியே செடிமேல் ஓடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டு சிக்கிய கணத்திலேயே அது இளசா முற்றலா என்று விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். இளசு சட்டென ஒடியும். முற்றல் நார் இழுக்கும். ரெண்டு இலை, ஒரு மொட்டு. மறுபடி ரெண்டு இலை, ஒரு மொட்டு. உள்ளங்கை நிறைந்ததும் கை தானாகவே தோளுக்குப் பின்னால் போய்க் கொட்டிவிட்டு வரும்.

விரல் நுனித் தோல் இந்த மாதிரி வேலைக்கென்றே அமைந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிமுனைகளை மெல்ல வைத்தால், இரண்டு முனை என்று அது பிரித்துச் சொல்லிவிடும். முதுகுத் தோலுக்கு அதே வித்தியாசம் தெரிய முனைகளைச் சுமார் 4 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இந்த நுட்பம் விரலை விட்டுப் போய்விட்டால், பறிக்கிறவர் ஒவ்வொரு தளிரையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பறிக்க வேண்டிவரும். சாயங்காலம் எடை போடும்போது கிலோ குறையும். நிர்ணயித்த எடைக்கு மேல் பறிப்பதற்குத்தான் கூடுதல் காசு என்பதால், விரலில் போன உணர்வு கூலியிலும் போகும்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து உயிரைக் காப்பாற்றும் ஒரு மருந்து இந்த உணர்வை எடுத்துக்கொண்டு போகிறது. அதன் பெயர் பாக்லிடாக்செல். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பலருக்குச் சிகிச்சையின் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த மருந்தோ, இதன் உறவினரான டோசிடாக்செலோ ஏற்றப்படும். இது நல்ல மருந்து. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அதை உடம்பில் ஏற்றும்போது நரம்புகளை எப்படிக் காப்பது என்பதைப் பற்றி இத்தனை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மரப்பட்டையிலிருந்து மருந்து எடுப்பது நீலகிரிக்குப் பழக்கமான கதை. 1860களில் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்கோனா மரங்கள் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நடப்பட்டன. அவற்றின் பட்டையிலிருந்து மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா வந்தது. ஊட்டி அரசுத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் மெக்ஐவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: பட்டையைக் கீற்றுகளாக உரித்துவிட்டு, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினால் பட்டை மீண்டும் வளரும், மரம் சாகாது. கொய்னாவுக்கும் ஒரு விலை இருந்தது. அளவு கூடினால் காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்கும். கேட்கும் திறனே குறையும். உயிர் காத்த மருந்து நரம்பைத் தொட்ட கதை இந்த மலைக்கு அப்போதே தெரியும்.

பாக்லிடாக்செலும் பட்டையில்தான் பிறந்தது. 1962இல் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகச் சேகரித்தார். வட கரோலினாவில் மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்த மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். வானி மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்தவர். இங்கே மெக்ஐவரின் பாசி வைத்தியம் எதுவும் உதவவில்லை. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். நூறாண்டு வளர்ந்த ஒரு மரத்தின் பட்டை ஒரு நோயாளியின் ஒரு டோஸுக்குத்தான் போதும். பிறகு யூ மரத்தின் ஊசியிலைகளிலிருந்தும், ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்தும் மருந்தைத் தயாரிக்க வழி கண்டார்கள். 1992 இறுதியில் சூலகப் புற்றுநோய்க்கும், 1994இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த மருந்து புற்றுசெல்லை எப்படிக் கொல்கிறது என்பதை நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸின் ஆய்வகம் 1979இல் கண்டுபிடித்தது. அந்தக் கண்டுபிடிப்பிலேயே நரம்புச் சேதத்தின் காரணமும் இருந்தது.

நம் செல்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்குழல்கள் ஓடுகின்றன. ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் அவற்றின் விட்டம். இவை நிலையானவை இல்லை. ஒரு முனையில் கட்டப்பட்டுக்கொண்டும் மறுமுனையில் பிரிந்துகொண்டும் இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துக்கொண்டு போவது இவைதான். பாக்லிடாக்செல் நுண்குழலின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதைப் பிரியவிடாமல் இறுக்கிவிடுகிறது. கட்டியது பிரியாவிட்டால் செல் பிரிய முடியாது. வேகமாகப் பெருகும் புற்றுசெல் அங்கேயே மாட்டிக்கொண்டு சாகிறது.

நரம்புசெல் பிரிவதே இல்லையே, அதற்கென்ன வந்தது என்று கேட்கலாம். அதற்கு நுண்குழல் வேறொரு காரியத்துக்கு வேண்டும். கால் பெருவிரலில் படும் முள்ளை உணரும் நரம்புசெல்லின் உடல், கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து பெருவிரல் வரை ஒரே இழை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அந்த இழையின் கடைக்கோடிக்கு வேண்டிய புரதமும், ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவும் பெரும்பாலும் முடிச்சிலிருந்துதான் வர வேண்டும். மேட்டுப்பாளையம் ரயில் கல்லாரைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்பட்டை தொடங்குமே, எஞ்சினின் பல்சக்கரம் அதில் பல் பல்லாகப் பற்றிக்கொண்டு குன்னூர் வரை ஏறுமே, நரம்பிழைக்குள் சரக்கு போவதும் அப்படித்தான். கைனசின் என்ற புரதம் நுண்குழலைப் பற்றிக்கொண்டு 8 நானோமீட்டருக்கு ஓர் அடி என்று எடுத்து வைத்து, சரக்கைச் சுமந்து போகிறது. வேகமாகப் போகும் சரக்கு ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் வரை கடக்கும். பாக்லிடாக்செல் ஒட்டிய பாதையில் இந்தப் போக்குவரத்து தடுமாறுகிறது. மைட்டோகாண்டிரியாவும் சேதமாகிறது. பாதை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குக் கடைக்கோடி முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் சேதம் கால்விரல் நுனியிலும் கைவிரல் நுனியிலும் தொடங்கி, காலுறை, கையுறை போட்ட அளவுக்கு மேலே ஏறுகிறது.

மூளைக்கு ரத்தத்திலிருந்து வேண்டாதது எதுவும் போகாமல் ஒரு காவல் இருக்கிறது. பாக்லிடாக்செல் அதைத் தாண்டுவது அரிது. தண்டுவடத்தை ஒட்டிய அந்த நரம்பு முடிச்சுகளுக்கோ அப்படிப்பட்ட காவல் இல்லை. அங்குள்ள ரத்தக்குழாய்கள் கசியும் தன்மை உள்ளவை. மருந்து நேராக உள்ளே போய்விடும். தமிழ்நாட்டுக் கரிசலிலும் செம்மண்ணிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டினும் இதே நுண்குழல்களைத்தான் தாக்குகிறது, வேறு விதமாக. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அது ஏற்றப்படும்போதும் கைகால் நரம்புகள் சேதமாகின்றன.

மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்செலைப் பெரும்பாலும் வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம் ஏற்றுகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்பதைவிட வாரா வாரம் கொடுப்பது உயிரை நன்றாகக் காக்கிறது என்று ஏறத்தாழ ஐயாயிரம் பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் காட்டியது. அதே ஆய்வில், அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவுக்கு நரம்புச் சேதம் வந்தவர்கள் மூன்று வார முறையில் 20 சதவீதம், வார முறையில் 27 சதவீதம். நல்ல பலனும் கெட்ட பலனும் சேர்ந்தே கூடுகின்றன. எல்லா வகைக் கீமோ மருந்துகளையும் சேர்த்து எடின்பரோவில் 2014இல் தொகுத்த ஆய்வு, சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், ஆறு மாதம் கழித்தும் 30 சதவீதம் பேருக்கும் நரம்புச் சேதம் இருந்ததாகச் சொல்கிறது.

நோயாளிகள் இதைச் சொல்லும் விதம் வேறு. “விரல் மதமதன்னு இருக்கு.” “எறும்பு ஊறுற மாதிரி இருக்கு.” “பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு.” நம் ஊரில் இன்னொன்றையும் சொல்வார்கள்: “செருப்பு கழண்டு போனதே தெரியல.” நடந்து பத்தடி போன பிறகு ஒரு கால் வெறுங்காலாக இருப்பது கண்ணில் பட்டுத்தான் தெரிகிறது. வார்ப்பட்டையோ பட்டனோ இல்லாத ரப்பர் செருப்பு போடுகிற நாட்டில் இதைவிடத் தெளிவான அறிகுறி எதுவும் இல்லை. மேலைநாட்டுக் கேள்வித்தாள்களில் இந்தக் கேள்வியைத் தேடினால் கிடைக்காது. நம் வார்டுகளில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சேதம் வந்துவிட்டால் என்ன செய்யலாம்? செய்யக்கூடியது கொஞ்சம்தான். எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்செட்டின் என்ற மாத்திரை ஓரளவு குறைக்கும். 2013இல் வெளியான ஆய்வில் அது நிரூபணமானது. மரத்துப்போன உணர்வை அது திருப்பித் தராது. வேறு எந்த மாத்திரையும் தராது. ஆகவே வராமல் தடுப்பதே வழி.

தடுப்பு என்றதும் நம் கை சத்து மாத்திரைப் பக்கம் போகிறது. நரம்புக்கு என்று சொல்லி பி-காம்ப்ளெக்ஸ், மெத்தில்கோபாலமின் சீட்டு எழுதுவது இங்கே வழக்கம். பி12 குறைபாடு உள்ளவருக்கு அதைச் சரிசெய்ய வேண்டியதுதான். சர்க்கரை நோய்க்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அந்தக் குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரைகள் கீமோ நரம்புச் சேதத்தைத் தடுத்ததற்கு ஆதாரம் இல்லை. பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் அதுவே கைகால் நரம்பைக் கெடுக்கும்.

இதைவிட எச்சரிக்கையான கதை அசிடைல்-எல்-கார்னிடைனுடையது. விலங்குகளிடம் நரம்பைக் காத்தது; சிறு ஆய்வுகளிலும் நம்பிக்கை தந்தது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்செல் வகை மருந்துகள் ஏற்றப்பட்ட 409 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு அதையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது: கார்னிடைன் சாப்பிட்டவர்களுக்குத்தான் 24ஆவது வாரத்தில் நரம்புச் சேதம் அதிகம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் தன் வழிகாட்டுதலில் அதைக் கொடுக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. இங்கே அது மெத்தில்கோபாலமினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. கீமோ எடுக்கும் ஒருவர் வீட்டில் நரம்பு மாத்திரை என்று ஏதாவது இருந்தால், அட்டையின் பின்புறத்தில் உள்ள பெயர்களைப் படித்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரையை விட்டு மருந்து ஏறும் நேரத்தின் பக்கம் கவனம் திரும்பியது ஜப்பானில்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்துதான் ஏற்றுகிறார்கள். அந்தக் கரைப்பான் ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம் என்பதால், முதலில் ஸ்டீராய்டும் ஒவ்வாமை ஊசியும் போடுகிறார்கள். ஊசியின் மயக்கத்தில் கண் சொருகும். பிறகு பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். வார டோஸ் என்றால் சுமார் ஒரு மணி நேரம். ரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்தில் இருப்பது அந்த ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். அந்த நேரத்தில் விரல் நுனிக்கு ரத்தம் குறைவாகப் போனால் மருந்தும் குறைவாகத்தானே போகும் என்று யோசித்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்க இரண்டு வழிகள்: குளிர், அழுத்தம்.

குளிரைக் கியோட்டோவில் சோதித்தார்கள். உறைநிலைக்கு வெகு கீழே குளிரவைத்த கையுறையையும் காலுறையையும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டார்கள். மருந்து தொடங்கப் பதினைந்து நிமிடம் முன்பு போட்டு, முடிந்து பதினைந்து நிமிடம் கழித்துக் கழற்றினார்கள். மறுபக்கம் வெறுங்கை. ஒருவரின் இரண்டு கைகளையே ஒப்பிடுவதால் வயது, சர்க்கரை, மரபு எதுவும் குறுக்கே வராது. 36 பெண்களின் முடிவுகள் 2018இல் வெளியாயின. தொடு உணர்வு குறைந்தது வெறுங்கையில் 80.6 சதவீதம் பேருக்கு. குளிர்வித்த கையில் 27.8 சதவீதம் பேருக்கு. நோயாளிகளே சொன்ன கடுமையான மரத்துப்போதல் 41.7க்கு 2.8.

அழுத்தத்தைச் சோதித்தது சுயுகி என்ற மருத்துவரின் குழு. முடிவு 2016இல் வந்தது. எனக்கு மிகப் பிடித்தது இந்த ஆய்வுதான், ஏனென்றால் அதற்குத் தேவைப்பட்டது அறுவைச் சிகிச்சைக் கையுறை மட்டுமே. கைக்குப் பொருந்துவதைவிட ஓர் அளவு சிறிய கையுறையை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, ஒரு கையில் மட்டும் போட்டுவிட்டார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து மொத்தம் 90 நிமிடம். ஏற்றியது பாக்லிடாக்செலின் இன்னொரு வடிவமான நாப்-பாக்லிடாக்செல். 42 பெண்களில், அன்றாட வேலையைத் தொடும் அளவுக்கு உணர்வு குன்றியது வெறுங்கையில் 76.1 சதவீதம் பேருக்கு, கையுறை போட்ட கையில் 21.4 சதவீதம் பேருக்கு.

இவை சிறிய ஆய்வுகள். எந்தக் கையில் பனிக்கட்டி என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை; நம்பிக்கையே விடையைக் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். எல்லா ஆய்வும் இவ்வளவு அழகாகவும் வரவில்லை. நெதர்லாந்தில் 180 பேரிடம் உறைபனிக் கையுறையைச் சோதித்தபோது, போட்டவர்களில் மூன்றில் ஒருவர் தாங்க முடியாமல் நடுவில் நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரில் ராகவ் சுந்தர், ஐஸ்வர்யா பாண்ட்லா ஆகியோர் இருந்த குழு இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. பனிக்கட்டிக்குப் பதிலாக, 22 டிகிரிக்குக் குளிர்வித்த நீர் சுற்றி ஓடும் உறையைக் காலில் மாட்டினார்கள். மூன்று மணி நேரம் தாங்க முடிந்தது. அடுத்து, குளிரோடு அழுத்தத்தையும் சேர்த்து இன்னும் கீழே போனார்கள். இப்போது அமெரிக்காவில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்கும் திட்டத்தோடு பெரிய ஆய்வு ஒன்று இதே கேள்வியில் நடக்கிறது.

2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்கிலிருந்து வந்த முடிவு, கைவசம் உள்ளவற்றில் எடைமிக்கது. 122 மார்பகப் புற்றுநோயாளிகளை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஒரு கையில் குளிர்ச்சி, மற்ற குழுவுக்கு ஒரு கையில் இறுக்கக் கையுறை, மறுகை வெறுங்கை. அன்றாட வேலையைத் தொடும் இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட சேதம் குளிர்ச்சிக் குழுவில் 50 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைந்தது. கையுறைக் குழுவில் 38இலிருந்து 24. ஜப்பானில் கண்ட அளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் இது மெய்யான வித்தியாசம்.

வழிகாட்டுதல்கள் இன்னும் தயங்குகின்றன. 2020இல் அமெரிக்கச் சங்கம், குளிர்ச்சி, அழுத்தம், உடற்பயிற்சி ஆகியவற்றை எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. அதே ஆண்டில் ஐரோப்பியச் சங்கம், இவற்றைச் செய்துபார்க்கலாம் என்றது. என் தீர்ப்பு ஐரோப்பியர்கள் பக்கம். இறுக்கக் கையுறையின் விலை சில பத்து ரூபாய். அதனால் வரும் தீங்கு மிகச் சொற்பம். கிடைக்கக்கூடியது விரல் உணர்வு. இன்னும் பெரிய ஆய்வு வரட்டும் என்று காத்திருக்கும் பன்னிரண்டு வாரத்தில் ஒரு பெண்ணின் பன்னிரண்டு டோஸும் முடிந்துவிடும்.

மலைக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் இந்தத் தீர்ப்பு இன்னும் வலுக்கிறது. உறைபனிக் கையுறைக்கு ஆழ்குளிர்ப் பெட்டி வேண்டும். நடுவில் ஒரு முறை மாற்ற இன்னொரு ஜோடி வேண்டும். அறுவைச் சிகிச்சைக் கையுறை எந்த ஆஸ்பத்திரியிலும் ஆப்பரேஷன் தியேட்டர் அலமாரியில் இருக்கும். விடியற்காலை நடுக்கும் குளிரில் லயன் வீட்டிலிருந்து கிளம்பி, பர்லியார் வளைவுகளில் பஸ்ஸில் இறங்கி, கோயம்புத்தூரில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு, இருட்டிய பிறகு திரும்பி மேலே வருகிறவரிடம், கையைப் பனிக்கட்டியில் வையுங்கள் என்று சொல்வதைவிட, இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. காலுக்கு அதே கொள்கையில் இறுக்கமான காலுறை.

வீட்டில் தாங்களாகவே ஐஸ் கட்டியைக் கையில் கட்டிப் பார்ப்பது கூடாது. தோல் வெந்தது போலாகிவிடும். குளிரில் விரல் வெளுத்து நீலம் பாரிக்கும் உடம்பு உள்ளவர்களுக்குக் குளிர்ச்சி முறை ஆகாது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கியிருந்தால், அந்தக் கையில் இறுக்கக் கையுறை போடலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நடையும் காக்கும். அமெரிக்காவில் 355 நோயாளிகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், கீமோவின்போது ஆறு வாரம் வீட்டிலேயே நடையும் எளிய தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு மரத்துப்போதலும், கைகால் சில்லிடுவது அல்லது எரிவதும் குறைவாக இருந்தன. ஜெர்மனியில் 158 பேரிடம் நடந்து 2024இல் வந்த ஆய்வு, ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகள் நரம்புச் சேதத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்ததாகக் காட்டியது. அவர்களுக்கு ஏற்றியது வேறு மருந்துகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் கீமோ என்றாலே படுக்கையை விட்டு எழுந்திருக்கவிடுவதில்லை. அன்பால்தான் அப்படிச் செய்கிறோம். சரிவில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கால்களைத் திடீரென்று முழு ஓய்வில் வைப்பது அந்தக் கால்களுக்கு நல்லதில்லை. சோர்வில்லாத நாளில், துணைக்கு ஒருவரோடு, சமதளமாக உள்ள வழியில் அரைமணி நேரம் நடக்கட்டும்.

சர்க்கரை நோய் இருந்து அதன் பின்விளைவுகளும் தொடங்கியிருந்தால், கீமோ நரம்புச் சேதம் வரும் வாய்ப்பு இரட்டிப்புக்கு மேல் என்று 2016இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. கீமோவுக்கு முன் போடும் ஸ்டீராய்டு சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். ஆகவே முதல் டோஸுக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் நரம்பைக் காக்கும் வேலைதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த மாத்திரையைக் கொண்டுவருகிற பெண்ணிடமே, “கீமோ ஏத்துறாங்க, சர்க்கரை பாத்துட்டுப் போங்க” என்று சொல்லலாம்.

உணர்வு குறையத் தொடங்கிய கைகாலுக்கு மலையில் ஆபத்துகள் அதிகம். டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடக்கும்போது, எல்லோரும் அடுப்படியில் குளிர் காய்வார்கள். சுடுவது தெரியாத விரல் நெருப்பைத் தொட்டாலும் தெரியாது. குளிக்கிற வெந்நீரை விரலால் பார்க்கக் கூடாது; முழங்கையால் பார்க்க வேண்டும். தோட்டத்து பூட்ஸுக்குள் கொப்புளம் கிளம்பினாலும், அட்டை கடித்துப் புண்ணானாலும் வலிக்காது. இரவில் காலைக் கண்ணால் பார்த்து, விளக்கோ டார்ச்சோ ஏந்தித் தாவாரப் படியில் காலெடுத்து வைக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒருவர் தினமும் அவர் பாதத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது சரியான நேரத்தில் டோஸை மாற்றுவது. அமெரிக்கச் சங்கம் தயக்கமில்லாமல் சொல்வதும் இதைத்தான்: சேதம் தொல்லையாகும்போது மருந்தைத் தள்ளிப்போடலாம், அளவைக் குறைக்கலாம், நரம்பை அவ்வளவாகத் தொடாத வேறு மருந்துக்கு மாறலாம். அதற்கு மருத்துவருக்குச் சேதம் தெரிய வேண்டும். தெரிவதில்லை. ஏனென்றால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது.

“கை, காலெல்லாம் எப்படிம்மா இருக்கு?”

“கொஞ்சம் மதமதன்னு இருக்குங்க சார். பரவாயில்லைங்க.”

அந்த ‘பரவாயில்லைங்க’வுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயம். கேட்பவருக்கோ வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த டோஸை எழுதிவிடுகிறார். அதற்குப் பதில், “என்ன வேலை பாக்குறீங்கம்மா?” என்று தொடங்கலாம். கொழுந்து பறிக்கிறேன் என்று பதில் வந்தால், அந்த விரலுக்கு என்ன தேவை என்று இருவருக்கும் விளங்கிவிடும். சட்டைப் பட்டனைப் பார்க்காமல் போட முடிகிறதா, பையில் கைவிட்டால் ஒரு ரூபாய் நாணயம் எது, இரண்டு ரூபாய் எது என்று தெரிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா? இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் ஆகாது.

வீட்டில் யாருக்காவது பாக்லிடாக்செல் தொடங்கப் போகிறதென்றால், முதல் டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: இறுக்கக் கையுறை போட்டுக்கொள்ளலாமா, பி12 பார்க்க வேண்டுமா, நடக்கலாமா? அவர் செய்கிற வேலையைச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தப் பட்டன், நாணயம், செருப்பு மூன்றையும் வீட்டிலேயே கேட்டு, பதிலை மருத்துவமனை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவையுங்கள். பதில் மாறிய வாரம், பரவாயில்லை என்று அவர் சொன்னாலும் நீங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தை நிறுத்துவதா, குறைப்பதா, தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரு டோஸைக்கூட விட்டுவிடாதீர்கள்.